வாசகர் கேட்டவை: விவாதத்தில் வென்றவர் யார், வாக்கு யாருக்கு?

அமெரிக்க அதிபர் தேர்தலில் வெளியுறவுக் கொள்கையை மட்டும் வைத்து நடக்கும் விவாதங்களையும், அவற்றைப் பார்த்த வாக்காளர்கள் ஆளுக்கொரு முடிவுக்கு வருவதையும் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலான கடிதங்கள் அப்போதைய அதிபர் ஒபாமாவும் (ஜனநாயகக் கட்சி) அவரை எதிர்த்து நின்ற மிட் ராம்னியும் (குடியரசுக் கட்சி) 2012 அக்டோபர் 22 அன்று ஃபுளோரிடா மாநிலம் போகா ரட்டோனில் மோதிய மூன்றாவது விவாதத்தைப் பற்றியவை. அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: அந்த விவாதம் முடிந்த இரவே சி.என்.என். தொலைக்காட்சியின் கணிப்பு, வென்றவர் யார் என்பதில் ஒபாமா 48, ராம்னி 40 என்றது. சி.பி.எஸ். தொலைக்காட்சியின் கணிப்போ ஒபாமா 53, ராம்னி 23 என்றது. ஒரே விவாதம், ஒரே இரவு. இரண்டில் ஒன்று தவறாகத்தானே இருக்க வேண்டும்?
– வாசகர், மதுரை

இரண்டும் சரியாக இருக்கலாம். யாரிடம் கேட்டார்கள் என்பதைப் பாருங்கள். விவாதத்தைப் பார்க்கப்போவதாக முன்கூட்டியே சொன்ன பதிவுபெற்ற வாக்காளர்களின் தொலைபேசி எண்களை சி.என்.என். வாங்கி வைத்திருந்தது. விவாதம் முடிந்ததும் அவர்களையே திரும்ப அழைத்தது. அவர்களில் பெரும்பாலோர் கட்சிப் பற்று உள்ளவர்கள். தம் ஆள் தோற்றார் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. சி.பி.எஸ். கேட்டதோ இன்னும் முடிவெடுக்காத வாக்காளர்களிடம் மட்டும், அதுவும் இணையம் வழியாக. அவர்களுக்கு யாரையும் தூக்கிப்பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. போதாததற்கு, சி.பி.எஸ். பட்டியலில் 24 சதவீதம் பேர் 'சமம்' என்று சொன்னார்கள். 'சமம்' என்று ஒரு பெட்டியைக் கண்முன் வைத்தால் பலர் அதில் டிக் அடிப்பார்கள். வைக்காவிட்டால் அவர்களும் ஏதாவது ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கும்.

பிழை வரம்பையும் கணக்கிட்டுப் பாருங்கள், கடினமில்லை. 98-ஐ மாதிரியின் எண்ணிக்கையுடைய வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். சி.என்.என். பேசியது ஏறத்தாழ 450 பேரிடம். 450-இன் வர்க்கமூலம் 21.2. வகுத்தால் 4.6 வரும். ஒருவருடைய சதவீதம் இப்படியோ அப்படியோ 4.6 புள்ளி தள்ளாடலாம் என்று பொருள். பலர் இங்கேயே கணக்கை நிறுத்திவிட்டு, '8 புள்ளி வித்தியாசம் 4.6-ஐவிடப் பெரியது, ஆகவே ஒபாமா உறுதியாக வென்றார்' என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்குவார் என்பதால், இருவருக்கும் இடையிலான இடைவெளிக்கான வரம்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. இங்கே அது சுமார் 8.6 புள்ளி. ஆக, சி.என்.என். காட்டிய 8 புள்ளி முன்னிலை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சி.பி.எஸ். காட்டிய 30 புள்ளிக்கு அந்தச் சந்தேகமே இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று டென்வரில் நடந்த முதல் விவாதத்தில் ராம்னி 67, ஒபாமா 25 என்று சி.என்.என். சொன்னதற்கும் இல்லை.

கேள்வி: 'குதிரைகளும் துப்பாக்கிக் கத்திகளும்' என்று ஒபாமா சொன்னதைச் சிலர் கொண்டாடினார்கள், சிலர் திமிர்ப் பேச்சு என்றார்கள். ஒரே வாக்கியம் எப்படி இரண்டாகக் கேட்கும்?
– வாசகி, கோவில்பட்டி

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். அமெரிக்கக் கடற்படை 1917-க்குப் பிறகு இவ்வளவு சிறியதாக இருந்ததில்லை, 313 கப்பல்கள் தேவை என்று கடற்படையே சொல்லியிருக்கிறது, இப்போதோ 285-க்கும் குறைவு என்று ராம்னி குற்றம் சாட்டினார். அதற்கு ஒபாமா, நம்மிடம் குதிரைகளும் துப்பாக்கிக் கத்திகளும்கூடத்தான் குறைந்துவிட்டன, ராணுவத்தின் தன்மையே மாறிவிட்டது, விமானந்தாங்கிக் கப்பல்கள் இருக்கின்றன, நீர்மூழ்கிகள் இருக்கின்றன, கப்பலை எண்ணிப் பார்க்கும் விளையாட்டு இல்லை இது என்று பதில் சொன்னார்.

ஒபாமா பக்கம் இருந்தவர்களுக்கு இது சரியான பதிலடி. எண்ணிக்கை வேறு, வலிமை வேறு என்ற வாதம் ஒரே வரியில் வந்துவிட்டது. ராம்னி பக்கம் இருந்தவர்களின் காதில் விழுந்தது வாதம் அல்ல, அந்தத் தொனி. பள்ளிப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதுபோல எதிராளியிடம் பேசுகிறார் என்று பட்டது. துப்பாக்கிக் கத்தியை மரைன் படை வீரர்கள் இன்னமும் வைத்திருக்கிறார்களே என்று மறுநாளே சுட்டிக்காட்டியவர்களும் உண்டு.

இன்னொரு கூட்டத்தார் இந்த வாக்கியத்தை வேறொரு கணக்கோடு கேட்டிருப்பார்கள். வர்ஜீனியா அப்போது ஊசலாட்ட மாநிலம், அதாவது இரு கட்சியில் எந்தப் பக்கமும் சாயக்கூடியது. அங்கே நார்ஃபோக்கில் உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் இருக்கிறது. அருகிலுள்ள நியூபோர்ட் நியூஸ் கப்பல் கட்டும் தளத்தில்தான் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிகள் அத்தனையும் கட்டப்படுகின்றன. கப்பல் எத்தனை என்ற கேள்வி அங்குள்ள குடும்பத்துக்கு உலக அரசியல் அல்ல, அடுத்த பத்து வருட வேலை. ராம்னி இந்தப் பேச்சை எடுத்ததற்கு அந்த மாநிலமும் ஒரு காரணம். ஆனாலும் வர்ஜீனியாவில் ஒபாமாவே சுமார் 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு வாக்கியத்தின் பலனை ஒரு மாநிலத்தின் முடிவில் தேடினால் கிடைக்காது.

கேள்வி: விவாதத்தில் வென்றவர்தானே தேர்தலிலும் வெல்ல வேண்டும்? 2004-இல் கெர்ரி வென்றதாகப் படித்தேன், புஷ் அல்லவா அதிபரானார்?
– வாசகர், திண்டுக்கல்

கருத்துக்கணிப்புகளில் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன: 'இன்று நன்றாகப் பேசியவர் யார்?', 'இந்த வேலையை ஒப்படைத்தால் செய்வாரா?', 'உங்கள் வாக்கு யாருக்கு?' நாளிதழ்கள் முதல் கேள்விக்கான எண்ணைத் தலைப்பாக்குகின்றன. தேர்தலைத் தீர்மானிப்பது மூன்றாவது. வெளியுறவு விவாதத்தில் பெரும்பாலான வாக்காளர்கள் மனதுக்குள் கேட்டுக்கொள்வதோ இரண்டாவது கேள்வியை. ஆஃப்கானிஸ்தான், ஈரான் பற்றிய விவரங்களைச் சரிபார்க்க அவர்களுக்கு வழியில்லை. நள்ளிரவில் நெருக்கடி வந்தால் இவர் பதறாமல் இருப்பாரா என்பதை மட்டும் எடைபோட முடியும்.

2012-இல் இது அப்பட்டமாகத் தெரிந்தது. ராம்னி அன்றிரவு ஆளில்லா விமானத் தாக்குதல், 2014-இல் ஆஃப்கானிஸ்தானிலிருந்து படை விலகல் எனப் பல விஷயங்களில் ஒபாமாவோடு ஒத்துப்போனார். போரை விரும்புகிறவர் அல்ல என்று காட்டிக்கொள்வதே அவருடைய திட்டம். நன்றாகப் பேசியவர் யார் என்ற கேள்வியில் பின்தங்கினார். ஆனால் முப்படைத் தலைவர் பொறுப்பைக் கையாள முடியுமா என்று சி.என்.என். கேட்டபோது ஒபாமாவுக்கு 63 சதவீதம், ராம்னிக்கு 60 சதவீதம். யாருக்கு வாக்களிக்கும் எண்ணம் கூடியது என்ற கேள்விக்கு ஒபாமா 24, ராம்னி 25. பாதிப்பேர் எந்த மாற்றமும் இல்லை என்றார்கள். விவாதத்தில் தோற்றவர் தான் வந்த காரியத்தை முடித்துக்கொண்டே போனார் என்பது எங்கள் கணிப்பு. அப்படியும் தேர்தலில், மாநிலவாரியாகக் கிடைக்கும் தேர்வாளர் வாக்குகளில் 332-க்கு 206 என்று ஒபாமா வென்றதற்குக் காரணங்கள் வெளியுறவில் இல்லை.

நீங்கள் கேட்ட 2004 விவாதம் செப்டம்பர் 30 அன்று மயாமி பல்கலைக்கழகத்தில் நடந்தது. கேலப் நிறுவனத்தின் கணிப்பில் கெர்ரி 53, புஷ் 37. எதிராளி பேசும்போது வேட்பாளரின் முகத்தைக் காட்டக்கூடாது என்று இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருந்தன. தொலைக்காட்சிகள் அதை மதிக்காமல் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டின. புஷ் முகம் சுளித்ததை நாடே பார்த்தது. அடுத்த சில நாளில், வாக்களிக்கக்கூடியவர்களிடையே புஷ்ஷுக்கு இருந்த 8 புள்ளி முன்னிலை கரைந்து 49–49 என்று சமமானது. ஆனால் முந்திக்கொண்டு தாக்கும் முடிவு 'உலகத் தேர்வில்' தேற வேண்டும் என்று கெர்ரி சொன்ன ஒரு சொற்றொடரை புஷ் அணி பிடித்துக்கொண்டது. அமெரிக்கா தன்னைக் காத்துக்கொள்ள மற்ற நாடுகளிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஊர் ஊராகக் கேட்டது. நன்றாகப் பேசியதற்கான பாராட்டு சில வாரத்தில் தேய்ந்துவிட்டது. அந்தச் சொற்றொடர் நவம்பர் வரை பேச்சில் இருந்தது.

கேள்வி: விவாதம் முடிந்த உடனே ஒரு கருத்தும் மறுநாள் வேறு கருத்தும் சொல்வார்களா வாக்காளர்கள்?
– வாசகி, நாகர்கோவில்

சொல்வார்கள். இதற்கு 1976-ஐவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. அக்டோபர் 6, சான் பிரான்சிஸ்கோ. வெளியுறவு விவாதம். எதிராளி ஜிம்மி கார்ட்டர். அதிபர் ஃபோர்ட், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை, என் ஆட்சியில் ஒருபோதும் இருக்காது என்றார். கேள்வி கேட்ட 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையாளர் மாக்ஸ் ஃபிராங்கல் நம்ப முடியாமல், நீங்கள் சொல்வதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று மறுபடி கேட்டு, திருத்திக்கொள்ள வாய்ப்பே கொடுத்தார். ஃபோர்ட் திருத்தவில்லை. யூகோஸ்லாவியர்களோ ருமேனியர்களோ போலந்துக்காரர்களோ தம்மை ஆதிக்கத்தில் இருப்பவர்களாக நினைக்கவில்லை என்று இன்னும் அழுத்திச் சொன்னார்.

ஃபோர்டின் சொந்தக் கணிப்பாளரான ராபர்ட் டீட்டரின் குழு அன்றிரவே தொலைபேசியில் வாக்காளர்களைக் கேட்டபோது நிலைமை அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஏறக்குறைய யாருமே அந்த வாக்கியத்தைக் குறிப்பிடவில்லை. காலைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அதையே திரும்பத் திரும்பப் பேசிய பிறகு, மறுநாள் மாலைக்குள் கார்ட்டர் பெரிய இடைவெளியில் வென்றதாக வாக்காளர்கள் சொன்னார்கள். பார்த்தது ஒரே விவாதம்தான். நடுவில் வந்தது மற்றவர்களின் விளக்கம்.

இதை வைத்து வாக்காளர்களை ஏமாளிகள் என்று சொல்வது நியாயமில்லை. 90 நிமிடம் பேசிய பேச்சில் எது முக்கியம் என்று கேட்ட மாத்திரத்தில் பிரித்தெடுப்பது கடினம். ஆனால் மில்வாக்கியிலும் சிகாகோவிலும் பஃபலோவிலும் இருந்த போலந்து வம்சாவளிக் குடும்பங்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அவர்களுடைய உறவினர்கள் இரும்புத்திரைக்கு, அதாவது சோவியத் அணியின் எல்லைக்கு, அந்தப் பக்கம் இருந்தார்கள். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்ள ஃபோர்டுக்கு ஐந்தாறு நாளானது. அந்த நாள்களில் சேதம் கூடிக்கொண்டே போனது. கார்ட்டர் தேர்வாளர் வாக்குகளில் 297-க்கு 240 என்று வென்றார். ஒஹாயோவில் வித்தியாசம் சுமார் 11,000 வாக்கு, விஸ்கான்சினில் சுமார் 35,000.

கேள்வி: திரையின் அடியில் ஏறி இறங்கும் கோடு ஒன்றைக் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா?
– வாசகர், புதுச்சேரி

ஓர் அறையில் சில பத்துப் பேரை உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு திருகு கொண்ட கருவியைக் கொடுப்பார்கள். கேட்பது பிடித்தால் 100-ஐ நோக்கி, பிடிக்காவிட்டால் 0-வை நோக்கித் திருக வேண்டும். சராசரிதான் கோடு. ஆண்–பெண் என்றோ கட்சிவாரியாகவோ பிரித்தும் போடுவார்கள். குறை என்னவென்றால், அந்த அறையில் இருப்பவர்கள் மிகச் சிலர். அமைதியான விளக்கத்துக்குக் கோடு அசையாது. 'நம் வீரர்கள்' என்று சொன்னால் போதும், ஏறிவிடும்.

பெரிய ஆபத்து, கோட்டைப் பார்க்கும் நமக்குத்தான். பிரிட்டனில் 2010 தேர்தல் விவாதத்தின்போது ஆய்வாளர்கள் பொய்யான கோடு ஒன்றைத் தயாரித்து நேரலையின் மேல் ஓடவிட்டார்கள். கோடு யாருக்குச் சாதகமாக வளைந்ததோ அவரே வென்றார் என்று பார்த்தவர்களில் பலர் சொன்னார்கள். சிரிப்பொலியும் இதே வேலையைச் செய்யும். 1984 அக்டோபர் 21, கன்சாஸ் சிட்டி வெளியுறவு விவாதத்தில், 73 வயது ரீகன் தன் எதிராளி மாண்டேலின் 'இளமையையும் அனுபவமின்மையையும்' அரசியலாக்க மாட்டேன் என்று சொன்னதும் அரங்கமே சிரித்தது, மாண்டேலும் சேர்ந்து சிரித்தார். பின்னாளில் அந்தப் பதிவிலிருந்து சிரிப்பொலியை மட்டும் நீக்கிவிட்டு ஒரு குழுவுக்குப் போட்டுக் காட்டினார்கள். ரீகனுக்கு மதிப்பு குறைந்தது. கோடு ஓடும் ஒளிபரப்பானால், திரையின் அடிப்பகுதியில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 1960-இல் வானொலியில் கேட்டவர்கள் நிக்சனையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடியையும் வென்றவராகச் சொன்னது உண்மைதானே?
– வாசகர், சேலம்

உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. ஒரு கணிப்பு நிறுவனம் எடுத்த எண்கள்தான் இந்தக் கதைக்கு அடித்தளம். அதில் வானொலியில் கேட்டவர்கள் சில நூறு பேர்கூட முழுதாக இல்லை. அப்போதே பத்தில் ஒன்பது வீடுகளில் தொலைக்காட்சி வந்துவிட்டது. மிச்சமிருந்த வானொலி வீடுகள் பெரும்பாலும் கிராமப்புறத்தவை. நிக்சனுக்கு இயல்பாகவே ஆதரவு இருந்த இடங்கள் அவை. விவாதத்துக்கு முன்பே அவர்கள் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கேட்டு வைக்கவில்லை.

கேள்வி: கல்லூரியில் அரசியல் அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். மாணவர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா? எப்படி?
– விரிவுரையாளர், திருச்சி

தாராளமாக. 60 மாணவர்களும் இரண்டு வகுப்பறைகளும் போதும். 2012 விவாதத்தில் கடற்படை பற்றிய பகுதி நடுவில் வருமாறு 20 நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரியுங்கள். 'யார் எந்த அறைக்குப் போகிறீர்கள்' என்று கேட்டுப் பிரித்தால் நண்பர்கள் ஒன்றாகப் போவார்கள், சோதனை அப்போதே கெட்டுவிடும். ஓர் அறையில் படமும் ஒலியும், மற்றதில் ஒலி மட்டும்.

துண்டைப் போடுவதற்கு முன்பே ஒரு தாள் கொடுங்கள்: இருவரில் யார் மீது இப்போது நல்லெண்ணம் அதிகம், 0 முதல் 10 வரை எவ்வளவு. இதைத் தவிர்த்துவிட்டால் 1960 கணிப்புக்கு நேர்ந்த கதிதான் உங்களுக்கும். முடிந்ததும் இரண்டாவது தாள். அதில் மேலே சொன்ன மூன்று கேள்விகள், தனித்தனியாக. பாதித் தாள்களில் ஒபாமா பெயரும் மறுபாதியில் ராம்னி பெயரும் முதலில் வரட்டும், ஏனென்றால் முதலில் இருக்கும் பெயருக்குச் சற்றுக் கூடுதலாக விழும். 'சமம்' என்ற தெரிவைக் கொடுப்பதா இல்லையா என்று முன்பே தீர்மானித்து எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வையுங்கள். தாள் நிரப்பி முடியும்வரை வாயே திறக்கக் கூடாது. இதுதான் பெரும்பாலும் சொதப்பும் இடம். துண்டு ஓடும்போது ஒருவர் சிரித்தால் அறையே அந்தப் பக்கம் சாயும். முன்வரிசையில் பேச்சாளராகப் பெயரெடுத்த மாணவர் இருந்தால் இன்னும் மோசம். நாற்காலிகளைத் தள்ளிப் போடுங்கள்.

மொழி ஒரு சிக்கல். ஆங்கிலப் பேச்சு வேகமாக இருப்பதால் சிலருக்குப் பாதிதான் புரியும். முழுத் தமிழாக்கத்தைக் கையில் கொடுத்தால் எல்லோரும் தாளைப் படிப்பார்கள், தொனியைக் கவனிக்க மாட்டார்கள். அதற்குப் பதிலாக, பெயர்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் ஒரு பக்கக் குறிப்பை முதல் நாளே கொடுத்துவிடுங்கள். லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதரக வளாகத்தின் மீது நடந்த தாக்குதல் பற்றி இரண்டு வரி, தானியங்கிப் பாதுகாப்புச் செலவுக் குறைப்பு (சட்டப்படி தானாகவே அமலாகும் வெட்டு) பற்றி இரண்டு வரி, அவ்வளவு போதும்.

மறுநாள் இன்னொரு சுற்று. படம் பார்த்த 30 பேரில் குலுக்கல் முறையில் 15 பேருக்கு ஒபாமாவைப் பாராட்டும் கட்டுரையையும் 15 பேருக்கு ராம்னியைப் பாராட்டும் கட்டுரையையும் கொடுத்து, அதே மூன்று கேள்விகளைத் திரும்பக் கேளுங்கள். 1976-இல் நடந்தது உங்கள் வகுப்பிலும் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். எத்தனை பேர் மாறினார்கள் என்பதை மட்டும் எண்ணாமல், முதல் கேள்விக்குப் பதிலை மாற்றியவர்களில் எத்தனை பேர் மூன்றாவதையும் மாற்றினார்கள் என்று பாருங்கள். 30 பேர் குழுவில் பிழை வரம்பு ஏறக்குறைய 18 புள்ளி. எனவே சதவீதமாக எழுதாமல் ஆள் எண்ணிக்கையாகவே பலகையில் எழுதுங்கள்.

கேள்வி: 2012 விவாதத்தில் இந்தியாவைப் பற்றி என்ன பேசினார்கள்?
– வாசகி, தஞ்சாவூர்

இந்தியாவுக்கென்று பகுதியே ஒதுக்கவில்லை. 90 நிமிடத்தை ஆறு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். பாகிஸ்தான், ஆஃப்கானிஸ்தானோடு சேர்ந்து ஒரு பகுதி பெற்றது. சீனாவுக்கு ஒன்று. மத்தியக் கிழக்குக்கு மட்டும் இரண்டு, இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் சேர்த்து இன்னொன்று. சீனப் பகுதியிலும் பேச்சு சுற்றிச் சுற்றி ஒஹாயோ, மிச்சிகன் கார் தொழிற்சாலைகளுக்கே போனது. ஊசலாட்ட மாநில வாக்காளருக்கு வெளிநாடு என்றால் அதுதான்.

கேள்வி: ரஷ்யா பற்றி ராம்னி அன்று சொன்னதே சரி என்று இப்போது எழுதுகிறார்கள். அப்படியானால் அன்றைய வாக்காளர்கள் தவறாகத் தீர்ப்புச் சொன்னார்களா?
– வாசகர், யாழ்ப்பாணம்

அமெரிக்காவின் முதன்மையான புவியரசியல் எதிரி ரஷ்யா என்று ராம்னி 2012 மார்ச்சில் சொல்லியிருந்தார். 1980-கள் தம் வெளியுறவுக் கொள்கையைத் திருப்பிக் கேட்கின்றன என்று ஒபாமா அக்டோபர் 22 விவாதத்தில் அதைக் கிண்டலடித்தார். அந்த வரி அன்றிரவு எடுபட்டது. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரிமியாவை இணைத்துக்கொண்டதும் அதே வரி ஒபாமாவுக்கு எதிராகத் திரும்பியது. தானியங்கிச் செலவுக் குறைப்பு நடக்கவே நடக்காது என்றும் ஒபாமா அன்று உறுதியாகச் சொன்னார். 2013 மார்ச் 1 முதல் நடந்தது.

வாக்காளரிடம் யாரும் ரஷ்யா 2014-இல் என்ன செய்யும் என்று கேட்கவில்லை. யார் நன்றாகப் பேசினார் என்று கேட்டார்கள். அதற்கு அவர்கள் சொன்ன பதிலில் தவறில்லை. அந்தப் பதிலைக் கொள்கைக்குக் கிடைத்த சான்றிதழாக அச்சிட்டதுதான் தவறு.

கேள்வி: இந்த விவாதங்களின் முழு எழுத்து வடிவம் எங்கே கிடைக்கும்?
– வாசகர், ஈரோடு

1988 முதல் 2020 வரை விவாதங்களை நடத்திய அதிபர் விவாத ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கின்றன. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அதிபர் ஆவணத் தொகுப்பிலும் 1960 தொடங்கிக் கிடைக்கும், கட்டணமில்லை. 2024-இல் நடந்த இரண்டு அதிபர் விவாதங்களும் ஆணையம் நடத்தியவை அல்ல. சி.என்.என்., ஏ.பி.சி. தொலைக்காட்சிகள் நடத்தியவை. முதலில் எழுத்தைப் படித்து மூன்று கேள்விகளுக்கும் உங்கள் பதிலைக் குறித்து வைத்துவிட்டு, அப்புறம் காணொளியைப் பாருங்கள். பார்த்துவிட்டுப் படித்தால் அவர்கள் குரலே காதில் ஓடும், எழுத்தைத் தனியாக எடைபோட முடியாது.